விடியும்வரை துடிக்க வேண்டும்

மாணவர்கள் போன பிறகு கோடுகள் உயரத் தொடங்கியிருந்தன. உடலியல் ஆய்வகத்தில் பதினாறு வருஷமாக உதவியாளராக இருக்கும் கோ மியத் தெய்ன் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் கறுப்பாக்கிய தாளைச் சுற்றியிருந்த உருளை சாவி கொடுத்த வேகத்தில் மெல்லத் திரும்பியது. கண்ணாடிக் குழாயின் முனையில் தொங்கிய ஆமையின் இதயம் இறுகும்போதெல்லாம் கீழே கட்டியிருந்த நூல் இழுபட்டு, முள் மேலெழுந்து, கரியில் ஒரு வெள்ளைக் கோட்டைக் கீறியது. உடலிலிருந்து எடுத்த இதயம் நேரம் போகப்போகச் சோர்ந்துவிடும். கோடுகள் குட்டையாகும். இது வளர்ந்துகொண்டிருந்தது.

குழாய் வழியே இதயத்துக்குள் இறங்கும் உப்பு நீரின் புட்டியைப் பார்த்தான். சொட்டு சரியாகவே விழுந்துகொண்டிருந்தது. வெளியே மழை. தகரக் கூரையின் இரைச்சலுக்குள் உருளையின் பல்சக்கரம் கறகறத்தது. புகைத்தாளின் நெடியும் வாளியில் கிடந்த ஆமையின் சேற்று வாடையும் அறையில் தேங்கியிருந்தன. வயிறு காலி. விரத நாளில் மதியத்துக்குப் பிறகு அவன் எதுவும் சாப்பிடுவதில்லை.

இன்று ஒன்பதாவது விரத நாள். மனைவி மா ஓன் யின் இரண்டு குழந்தைகளைப் பிரசவத்திலேயே இழந்தவள். மூன்றாவது பிழைக்க வேண்டுமென்று அவன் பகோடாவின் முன் மண்டியிட்டு நேர்ந்துகொண்டிருந்தான். தொடர்ந்து ஒன்பது விரத நாள், கொல்லாமை முதலான எட்டுச் சீலங்களில் ஒன்றும் பிசகாமல் காப்பதாக. எட்டு நாள் முடிந்துவிட்டது. ஒன்பதாவது நாளைய விடியலோடு முடியும். அதற்குள் அவன் கையால் எந்த உயிரும் போகக் கூடாது.

காலையில் பேராசிரியை தோ தின் மேயிடம் இதைத்தான் சொன்னான். ரங்கூனிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆமையின் ஓட்டை அறுக்க அவனைப்போல நிதானமான கை வேறு யாருக்கும் இல்லை. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"நீ எதுக்குப்பா கொல்லணும்? இதயத்தை மட்டும் எடு. அது துடிச்சுக்கிட்டு இருக்கிறவரைக்கும் ஆமை சாகலைன்னு உன் புத்தர்கிட்ட சொல்லிக்கோ."

மாணவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. யோசித்தான், யோசிக்க யோசிக்க அது நியாயமாகவே பட்டது. துடிப்பு இருந்தால் உயிர் இருக்கிறது. விடியும்வரை துடிக்கவைத்துவிட்டால், சீலம் முடிந்த பிறகுதான் ஆமை சாகும். ரம்பத்தை எடுத்து ஓட்டை அறுத்தான்.

மாணவர்களுக்குப் பேராசிரியை சொல்லிக்கொடுத்ததும் அவனுக்கு மனப்பாடம். மேலறை முதலில் சுருங்கும். ஒரு நொடி இடைவெளி. பிறகு கீழறை முறுக்கிப் பிழியும், வெளுக்கும். பிறகு தளரும். அப்போதுதான் அது நிரம்பும். நீரில் கால்சியம் ஏறினால் இறுகியது விடாது, பொட்டாசியம் ஏறினால் தளர்ந்தது மறுபடி இறுகாது.

ஏழு மணிக்கு மின்சாரம் போனது. காவலாளி ஊ பே அரிக்கேன் விளக்கோடு வந்து வாசலில் குடையை உதறினார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரசவ வார்டில் மா ஓன் யினுக்கு வலி தொடங்கிவிட்டதாம். வா என்றார். இதை விட்டுவிட்டு வர முடியாது என்றான் இவன்.

"பொண்டாட்டி அங்கே கத்திக்கிட்டிருக்கா. நீ இங்கே ஆமைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கே. நல்ல புருஷன்யா."

"விடியட்டும் அண்ணே. அவளுக்காகத்தான்."

ஊ பே விளக்கை அவனிடமே வைத்துவிட்டுப் போனார்.

புட்டியை இரண்டு முறை நிரப்பினான். நள்ளிரவுக்குப் பிறகு மழை விட்டது. அப்போதுதான் பல்சக்கரத்தின் ஒலிக்குக் கீழே இன்னொன்று கேட்டது, ஈரத் துணியை யாரோ அடுத்தடுத்து உதறுவதுபோல, விடாமல், அவசரமாக. விளக்கைத் தூக்கினான். நிமிஷத்துக்கு இருபது முறை துடித்த இதயம் இப்போது படபடத்துக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நூற்று நாற்பது.

எந்த ஆமைக்கும் அந்த வேகம் கிடையாது. ஆனால் அந்த ஒலி அவனுக்குத் தெரியும். போன வாரம் மருத்துவச்சி மரக்குழலை மா ஓன் யினின் வயிற்றில் வைத்து அவனைக் கேட்கச் சொன்னபோது கேட்டது இதுதான்.

இதயத்திலிருந்து கீழே தட்டில் விழுந்த நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. ஆமையின் ரத்தத்தை அவனே காலையில் கழுவி வெளியேற்றியிருந்தான். மேலே புட்டியில் நீர் தெளிவாகவே இருந்தது. தெளிவாக உள்ளே போனது. கீழே சிவந்து வந்தது. ஒவ்வொரு பிழிவுக்கும் இன்னும் கொஞ்சம் சிவந்தது. தட்டு நிறைந்தது. வழிந்து மேசையின் விளிம்பைத் தாண்டி அவன் பாதத்தில் விழுந்தது.

சூடாக இருந்தது.

வெளியே ஓடிவரும் காலடிச் சத்தம். ஊ பே உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே பேசினார்.

"தம்பி, ரத்தம் நிக்கலையாம். எங்கேயிருந்து போகுதுன்னே தெரியலைங்கிறாங்க. ரெண்டு பாட்டில் ஏத்திட்டாங்க. ஏத்த ஏத்த..."

தரையைப் பார்த்துவிட்டார். பின்பக்கமாகவே நகர்ந்து இருட்டில் போனார்.

பொட்டாசியப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான்கு சொட்டு போதும். இதயம் தளர்ந்து நின்றுவிடும். ரத்தமும் நிற்கும். நின்றால் கொலை, ஒன்பதாவது நாளில். அதற்கும் மேலாக, இந்தத் துடிப்பு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அவள் ரத்தத்தை நிறுத்தினால் குழந்தை போகும். குழந்தையைத் துடிக்கவிட்டால் அவள் போவாள்.

நூலை எடுத்து ரத்தம் வெளியேறும் குழலைச் சுற்றி முடிச்சுப் போட்டான். இதயம் வீங்கியது. எலுமிச்சை அளவு. மாதுளை அளவு. நூல் அறுந்தது. ரத்தம் அவன் முகத்தில் அடித்தது.

இதயத்தைக் குழாயிலிருந்து பிடுங்கி வலது கையில் பொத்திக்கொண்டான்.

விரலிடுக்கில் பீறிட்டது. இன்னும் இறுக்கினான். உள்ளே அது மீன்போலத் துள்ளியது. விடவில்லை. எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. மெல்ல மெல்ல ரத்தம் குறைந்தது. கசிந்தது. நின்றது. ஆனால் துடிப்பு நிற்கவில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டான். இன்னும் உயிரோடு இருக்கிறது. சீலம் பிசகவில்லை.

விரல்களைப் பிரித்துப் பார்த்தான்.

உள்ளே ஒரு வெளுத்த சதைத் துண்டு. பிழிந்த துணிபோல. எப்போதோ நின்றுபோனது.

விரல்கள் மூடிக்கொண்டன. அவன் மூடவில்லை. திறந்தன. மூடின. சுண்டுவிரல் முதலில், ஒரு நொடி விட்டு மற்றவை. மூடும்போது முஷ்டி வெளுத்தது. திறக்கும்போது சிவந்தது.

மூடியபோது முற்றத்துக்கு அந்தப் பக்கம் மா ஓன் யின் அலறினாள்.

திறந்தது. அலறல் நின்றது.

மூடியது. அலறினாள்.

இடது கையால் விரல்களைப் பிரித்து மேசையில் அழுத்தினான். முடியவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். அவனைத் தூக்கிப் போட்டது. ஒரு விரலை ஒடித்தான். ஒடிந்த விரலும் மடங்கியது. அவள் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

ஜன்னலில் சாம்பல் நிறம். பிக்குகள் விடியலைக் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. புறங்கையின் நரம்பு விளக்கில்லாமல் கண்ணுக்குத் தெரிந்தால் விடிந்தது. அவன் விளக்கை ஊதி அணைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தான். ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது.

விரதம் முடிந்தது. இனி கொல்லலாம்.

ஆமையைக் கிடத்திய மெழுகுப் பலகையில் கையை வைத்தான். ஓட்டை அறுத்த ரம்பம் அங்கேயே கிடந்தது. இடது கையால் எடுத்தான். திறக்கும் நேரம் பார்த்து மணிக்கட்டில் ரம்பத்தின் பல்லைப் பதித்தான். இழுத்தான். எலும்பு ஆமை ஓட்டைவிட மெதுவாக அறுபட்டது. இழுத்தான். அவள் அலறல் பாதியில் அறுந்தது.

அமைதி.

பலகையில் கை தனியாகக் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. விரல்கள் விரிந்தன.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைக் குழந்தை அழுதது.

விரல்கள் மூடின. அழுகை பாதியில் நின்றது.

விரிந்தன. அழுதது.

மூடின. மூடியே இருந்தன. கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு விரிந்தன, முன்னைவிடச் சோர்வாக. அழுகை சின்னதாக வந்தது. அடுத்த முறை இன்னும் தாமதம். இன்னும் சின்னதாக.

வாசலில் ஊ பே நின்றார்.

மியத் தெய்ன் தரையில் உட்கார்ந்து, அறுந்த கையை மடியில் எடுத்து, இருக்கும் கையால் அதைப் பொத்தினான். இறுக்கினான். விட்டான். இறுக்கினான். விட்டான்.

"எண்ணிக்கோங்க அண்ணே," என்றான். "நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது. குறைஞ்சா சொல்லுங்க."