இறகு மெத்தையின் இடப்பக்கம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஸ்கெல்பி தேவாலயத்து மணியைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அந்த மணியில் விரிசல் இருப்பது வேறு விஷயம்.

1671ஆம் வருடம், பிப்ரவரி மாதத்துப் பிற்பகல். தாமசின் கிரேக் முதலில் கவனித்தது மெத்தையில் விழுந்திருந்த பள்ளத்தைத்தான். உயில் எழுதப்போகிற நாளாயிற்றே என்று காலையில் அவளே அதைத் தட்டி, உதறி, வாத்து இறகுகளைச் சமமாகப் பரப்பி, மேலே பச்சைப் போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டிருந்தாள். இப்போதோ இடப்பக்கத்தில், யாரோ நெடுநேரம் ஒருக்களித்துப் படுத்திருந்து சற்று முன்தான் எழுந்து போனதுபோல, தோளுக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி. பூனை வேலையாக இருக்கும் என்று மறுபடி தட்டிச் சரிசெய்தாள். பூனை செத்து இரண்டு வருடமாகிறது என்பது வாசற்படியைத் தாண்டும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கூடத்தில் அவள் பெற்ற மூன்றும் சண்டையை ஆரம்பித்திருந்தன. வெளியே சதுப்பு நிலத்திலிருந்து மூடுபனி எழுந்து சன்னலில் அப்பியிருந்தது. மூன்று மணிக்கே விளக்கு கேட்டது வீடு. தேவாலய எழுத்தர் ஒபதையா முக்காலியில் உட்கார்ந்து இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கும் முக்காலிதான். கைவைத்த நாற்காலி அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அது கணப்புக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. அவள் புருஷன் ஆம்புரோஸ் கிரேக் செத்து நாலு வருடமாகியும் அதில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"மெத்தையை இவளுக்கு எதுக்கும்மா தர்றே? நீட்டிப் படுக்க இவளுக்கு நல்ல கால் ஒண்ணுதானே இருக்கு," என்றான் மூத்தவன் ஜார்வீஸ்.

"உன் நாக்கு அதைவிட நீளம்ணா. அதுக்குத் தனியா ஒரு மெத்தை கேளேன்," என்றாள் கடைக்குட்டி பெட்ரனெல்.

"நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க. நான் பித்தளைப் பானையைத் தூக்கிட்டுக் கிளம்பறேன்," என்றாள் நடுவில் பிறந்த உர்சுலா. மூன்று தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். வந்தபோதெல்லாம் எதையாவது தூக்கிக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள்.

தாமசினுக்கு நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. வீடும் நிலமும் ஜார்வீஸுக்கு. வெள்ளீயத் தட்டுகள் உர்சுலாவுக்கு. பசு, பித்தளைப் பானை, இறகு மெத்தை மூன்றும் பெட்ரனெலுக்கு. இந்த மூன்றும் கையில் இருந்தால் கால் ஊனமான பெண்கூட ஓர் அறை பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்படியில் சாகிறவரை சாம்பல் அள்ள வேண்டியதுதான். தாமசினுக்கு நெஞ்சில் இரவெல்லாம் சளி கரகரக்கிறது. இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். இன்று எழுதினால் உண்டு.

ஒபதையா எழுதிக்கொண்டே வாசித்தார். "கடவுளின் பெயரால், ஆமென். ஸ்கெல்பி ஊர், கைம்பெண் தாமசின் கிரேக் ஆகிய நான்..."

நின்றார். பேனாவை மையில் தோய்த்து மறுபடி எழுதினார். மறுபடி.

"இந்த ஒரு எடத்துல மட்டும் மை நிக்கல கிரேக்கம்மா. ஊர்ப்பேர் நிக்குது, உங்க பேர் நிக்குது. 'கைம்பெண்' மட்டும் ஊறிப்போயிடுது. காகிதம் ஈரமா இருக்கா?"

"அந்த வார்த்தையை விட்டுட்டு மேல எழுதுங்களேன்."

"அதை விட்டா மத்தது எதுவும் செல்லாதும்மா. புருஷன் இருக்கிற பொம்பளை உயில் எழுத முடியாது. அவ கட்டியிருக்கிற துணிகூட அவன் சொத்து. அவன் சம்மதிச்சுக் குறி போட்டாதான் உண்டு."

"அந்தப் புருஷனைப் புதைச்சதே நீங்கதானே?"

"அடக்கத்துல நான் சங்கீதம் மட்டும்தான் பாடினேன்," என்றார் ஒபதையா எச்சரிக்கையாக.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. நனைந்த கம்பளி வாடை. பிணத்தைக் கம்பளியில்தான் புதைக்க வேண்டும் என்று ராஜா போட்ட சட்டப்படி ஆம்புரோஸைக் கம்பளியில் சுற்றித் தைத்தது தாமசின்தான். குழிக்கு அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, உடலை உள்ளே இறக்கும்போது களக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இரவல் கொடுத்த கோடரியைத் திரும்ப வாங்கக் கழுத்தளவு வெள்ளத்தில் நடந்து போன மனிதர் அவர். கையில் பிடித்த எதையும் விட்டதில்லை.

நாற்காலி கிரீச்சிட்டது. குளிருக்கு மரம் முறுக்கிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டாள். கணப்பில் அப்போது தீ நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"காகிதமும் வேணாம், மண்ணும் வேணாம். உயிரோட இருக்கும்போதே கையில குடுக்கறேன். இந்தாடி."

பித்தளைப் பானையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கி மகள் பக்கம் நீட்டினாள். பானை பாதி தூரம் வந்தது. நின்றது.

இழுத்தாள். பானையும் இழுத்தது. வெடுக்கென்று இல்லை. நிதானமாக, அவசரமில்லாமல், ஜெயிக்கப்போவது தெரிந்தவரின் இழுப்பு. அந்த இழுப்பை அவளுக்குத் தெரியும். முப்பது வருடம் இரவுதோறும் போர்வையின் மறுமுனையில் இருந்த இழுப்பு.

பானையின் மறுகாதில் ஈரம் படிந்தது. ஐந்து விரல் அகலத்துக்கு.

"என்னம்மா அங்கேயே நிக்கறே? குடேன்," என்றாள் பெட்ரனெல்.

தாமசினுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. வாழ்நாளில் ஒரு கரண்டியைக்கூடத் தன் இஷ்டத்துக்கு யாருக்கும் கொடுத்ததில்லை. கைம்பெண்ணான பிறகாவது என்று இருந்தாள்.

"போதும் ஆம்புரோஸ்," என்றாள் காலி நாற்காலியைப் பார்த்து. பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சம்மதம்னு குறி போட்டுத் தொலைங்க. உங்களுக்கு வேணுங்கறதை எடுத்துக்கிட்டு என் பொண்ணுக்கு வழி விடுங்க."

"யார்கிட்டம்மா பேசறே?" என்றாள் உர்சுலா.

பானை சட்டென்று விடுபட்டது. பெட்ரனெல் அதை நெஞ்சோடு வாங்கிக்கொண்டாள்.

மேசைமேல் காகிதத்தின் அடியில் ஒரு கோடு ஊறியது. பேனா ஒபதையாவின் கையில்தான் இருந்தது. கோடு பழுப்பு நிறம். குளத்தடித் தண்ணீரின் நிறம். இரண்டாவது கோடு. மூன்றாவது. வாத்துக் கால். கோடரியிலும் கதவிலும் அவர் செதுக்கி வைத்த அதே குறி.

ஒபதையா குனிந்து பார்த்தார். வாய்விட்டு வாசித்தார்.

"பசு பெட்ரனெலுக்கு. பானை பெட்ரனெலுக்கு. சரியா இருக்கு. மெத்தை... மெத்தை வரியை மட்டும் கோடு போட்டு அடிச்சிருக்கு. மேல 'கைம்பெண்' இல்லம்மா. 'மனைவி'ன்னு இருக்கு. இதெல்லாம் நான் எழுதல."

மூத்தவன் என்ற முறையில் ஜார்வீஸ் முதலில் வெளியே ஓடினான். அடுத்தது உர்சுலா. ஒபதையாவின் முக்காலி உருண்டது. பெட்ரனெல் பானையை விடாமல், காலை இழுத்து இழுத்து, முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அம்மா. வா. வெளியே வா."

குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. தாமசின் திரும்பினாள். பாவாடை நுனியை ஏதோ பிடித்தது. இழுத்தது. நிதானமாக.

நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ எழுந்துகொண்ட சத்தம். தரையில் பரப்பிய கோரை அமுங்கியது. ஈரமாக. ஓர் அடி. அடுத்த அடி. உள்ளறையை நோக்கி.

கட்டில் கயிறுகள் முனகின.

பச்சைப் போர்வையின் இடப்பக்கம் புடைத்திருந்தது. தோள். இடுப்பு. நனைந்த கம்பளி. வலப்பக்கம், அவள் பக்கம், தட்டையாக இருந்தது. போர்வையின் ஓரம் அங்கே மெல்ல உயர்ந்தது. குளிர் ராத்திரியில் பெண்டாட்டிக்காகத் தூக்கிப் பிடிப்பதுபோல. உயர்ந்து, அப்படியே நின்றது. காத்திருந்தது.

ஸ்கெல்பி தேவாலயப் பதிவேட்டில் இருவரின் அடக்கமும் இருக்கிறது: தாமசின் கிரேக், 1671, அவள் கணவர் ஆம்புரோஸ் கிரேக், அதற்கு ஒன்பது வருடம் கழித்து, 1680. 1667ஆம் வருடப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை.