லுயீஸின் பச்சைக் கலர்

முதலியார்பேட்டைக்கு லுயீஸ் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு கப்பலேறிச் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். லுயீஸ் பிறந்து வளர்ந்தது பிரான்சில். தமிழில் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடித்தான் பேசுவாள். அவள் தேடி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் விளையாட ஓடிவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். கையில் நீளமான கண்ணாடிப் புட்டி. உள்ளே பளபளவென்று பச்சை!

"இது... மாந்த். பிரான்சுல இருந்து வந்துது. உங்களுக்குத்தான்." 'மாந்த்' மட்டும் மூக்கால் வந்தது.

"மாந்த்னா என்னா?" என்று கேட்டான் சக்கரபாணி.

லுயீஸ் யோசித்தாள். "புதினா!"

"புதினாவா? எங்கூட்டுல துவையல்தான் அரைப்பாங்க!" என்று சிரித்தவன், முதல் ஆளாகக் கையையும் நீட்டினான்.

லுயீஸ் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மடக்கு. அவன் கண்கள் பிதுங்கின.

"ஐயையோ, தைலம்! தொண்டையெல்லாம் ஒட்டுது!"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். ஆதிலட்சுமி மட்டும் நின்றாள். லுயீஸின் உதடு துடித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா குடுத்தா நல்லா இருக்கும்..." என்றாள் லுயீஸ், அழுகையை அடக்கிக்கொண்டு.

ஆதிலட்சுமி ஒரு சொட்டைத் தொட்டு நக்கினாள். அட, பாகு! அவளுடைய அப்பா பக்கிரி கோலி சோடாக் கடைக்காரர். அவர் கலர் சோடா போட ஊற்றும் பாகும் இப்படித்தான் நாக்கில் ஒட்டும். அதை யார் அப்படியே குடிப்பார்கள்?

"புட்டிய எடுத்துக்கிட்டு எங்கூட வா!"

இருவரும் தெருக்கோடிக் கடைக்கு ஓடினார்கள்.

"அப்பா, ஒரு சோடா ஒடச்சிக் குடுப்பா!"

பக்கிரி கட்டைவிரலால் கோலியை அமுக்கினார். டப்! ஆதிலட்சுமி தம்ளரில் இரண்டு விரற்கடை பாகு விட்டு, அதன்மேல் சோடாவை ஊற்றினாள். பச்சை சுழன்று சுழன்று மேலே ஏறியது. இளந்தளிர் நிறத்தில் குமிழிகள் சலசலத்தன.

ஒரு வாய் குடித்தாள். அசையாமல் நின்றுவிட்டாள்.

முதலில் இனிப்பு. அப்புறம் சுருக்கென்று நுரை. அதற்கும் அப்புறம்தான் அந்த அதிசயம்! மூச்சை இழுத்தாள், வாய்க்குள் கடற்காற்று புகுந்ததுபோல் ஜில்லென்று இருந்தது. சித்திரை வெயில் கொளுத்துகிறது, தம்ளரில் ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது?

"லுயீஸ்... உங்க ஊரு காத்தையே புட்டியில அடச்சிக் கொண்டாந்துட்டியா?"

லுயீஸும் குடித்தாள். "இதான்! இதான் எங்கம்மா குடுக்கறது!" என்று குதித்தாள்.

பக்கிரியும் ஒரு வாய் பார்த்தார். பேச வாயைத் திறந்தார், குளிர்ந்தது, மூடிக்கொண்டார். இன்னும் நாலு சோடாவை எடுத்து வரிசையாக உடைத்தார்.

டப், டப் என்ற சத்தம் கேட்டுத் தெருப்பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். சக்கரபாணி மட்டும் தயங்கித் தயங்கி வந்தான். லுயீஸ் அவனுக்குத்தான் முதல் தம்ளரை நீட்டினாள். குடித்தவன் வாயைப் பிளந்தபடி உள்ளே மூச்சை இழுத்தான், வெளியே விட்டான், மறுபடி இழுத்தான்.

சாயங்காலம் அவன் அம்மா அஞ்சலாட்சி திடுக்கிட்டுக் கேட்டாள்: "என்னடா இது, நாக்கு பச்சையா இருக்குது? என்னாத்தத் தின்ன?"

சக்கரபாணி லுயீஸ் மாதிரியே மூக்கால் கம்பீரமாகச் சொன்னான்: "மாந்த்!"