கரடிக் குகை ரயில்

ரயில் குகைக்குள் நுழைந்தபோது ஐபெரி அம்மாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோதும் கை மேலேதான் இருந்தது; ஆனால் ஆடவில்லை. பூங்காவில் இருப்பதிலேயே பரம சாது அந்த ரயில். கம்பளிப்பூச்சி முகம் வைத்த இஞ்சின், ஆள் நடக்கிற வேகம், நடுவில் ஒரு சிமெண்டுக் குகை, அதற்குள் சிவப்பு விளக்குக் கண்களோடு ஒரு கரடி. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுகூட ஏறுவார்கள். மற்ற பிள்ளைகள் இன்னொரு சுற்று கேட்டு அடம்பிடித்தன. ஐபெரியை மட்டும் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. தூக்கத்தில்கூட வாயாடுகிற ஆறு வயதுப் பெண், மெத்தையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தேன் தடவிய ரொட்டியை வாயில் வைத்தால் மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலைநகர் பிஷ்கெக்குக்குக் கொண்டுபோகச் சொன்னார். மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் அப்பன், தினமும் போனில் முகம் காட்டி, "அப்பான்னு ஒரு தடவ சொல்லுடா" என்று கெஞ்சினான். தாய் புரூலுக்கு 'அம்மா' என்ற ஒரு சொல் போதும். அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். பிள்ளை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது.

எதிர்வீட்டுக் கலிபா வந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"டாக்டருக்கு என்னடி தெரியும்? பிள்ளையோட உயிரு பயந்த இடத்துலயே விழுந்து கெடக்கு. எடுக்காம வந்துட்ட."

"எனக்கு என்னக்கா தெரியும்."

"அவ கோட்ட எடுத்துட்டுப் போ. குகைக்குள்ள விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு பேரச் சொல்லிக் கூப்பிடு. கோட்டு கனக்கும். அப்படியே மடிச்சு நெஞ்சோட வச்சுக்கிட்டு வீடு வந்து அவ தோள்ல போத்து. வழியில வாயத் தொறக்காத, திரும்பிப் பாக்காத. பேரு முக்கியம் புரூலு. அங்க பயந்தது உன் பிள்ள ஒருத்தியா?"

குளிர்காலத்துக்காகப் பூங்காவை மூடும் கடைசி நாள் அது. கலிபாவைப் பிள்ளையிடம் உட்கார வைத்துவிட்டுப் புரூல் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்னப் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ரயில் ஓட்டும் ரஹீம்ஜான், குகை வாசலில் சங்கிலியும் பூட்டுமாக நின்றிருந்தார்.

"கரண்ட்ட நிறுத்தியாச்சு தங்கச்சி. இனிமே வசந்தத்துலதான்."

"அண்ணே, பிள்ளைக்கு முடியல. ஒரே ஒரு தடவ உள்ள போயிட்டு வந்துடறேன்."

அவர் அவள் கையிலிருந்த சிறிய சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "சீக்கிரம்," என்றார்.

உள்ளே ஈரச் சிமெண்டின் வாடையும், தண்டவாளத்து எண்ணெயும், அதற்கெல்லாம் அடியில் காய்ந்த பாலைப்போலப் புளித்த ஒரு வாடையும் இருந்தன. கைக்குழந்தை இருக்கிற வீட்டுத் துணிகளில் அடிக்குமே, அந்த வாடை. எங்கோ தண்ணீர் சொட்டியது. தடவித் தடவி நடந்தவளின் விரலில் கரடியின் மயிர் பட்டது. அங்கேயே நின்று கோட்டை விரித்துப் பிடித்தாள்.

"ஐபெரி. வாடா. ஐபெரி."

குகை அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். கோட்டு காற்றாக இருந்தது. வெளியே சங்கிலி குலுங்கியது, ரஹீம்ஜான் செருமினார். வசந்தம் வரைக்கும் பிள்ளை தாங்காது என்று புரூலுக்குத் தெரியும். அந்த நினைப்பில் அவளுக்குள் இருந்த பிடி விட்டுப்போனது. மண்டியிட்டு அழுதாள்.

"வா கண்ணு. என் தங்கமே, வா. அம்மா வந்திருக்கேன்ல. வீட்டுக்குப் போலாம், வாடா."

கோட்டு கனத்தது.

போன உயிர் திரும்பியதுபோல இருந்தது அவளுக்கு. மடித்து நெஞ்சோடு அணைத்தாள். எழுந்தாள். கோட்டு இன்னும் கனத்தது. தோள்கள் இறங்கும்வரை கனத்தது.

வாசலில் ரஹீம்ஜான், "பிள்ளையையும் கூட்டிட்டா வந்திருந்த?" என்று ஆரம்பித்தார். பிறகு அவர் பார்வை அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று. தாழ்ந்து, குழந்தை உயரத்தில் நின்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது. பூட்டைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனார்.

மினிபஸ்ஸில் ஒரே ஒரு இடம் இருந்தது. பக்கத்திலிருந்த பெண் முழங்காலை ஒதுக்கி, "நீயும் உக்காருடா குட்டி" என்று காற்றிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் புரூலுக்கு உறைத்தது. கடைசியாகக் கூப்பிட்டபோது பெயர் சொல்லவில்லை.

கோட்டை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம். ஆனால் அதற்குள் ஐபெரியும் இருந்தால்? இத்தனைக்கும் நடுவில் அவளும் இருந்தால்? எறிய முடியவில்லை. இறுக்கிப் பிடித்தாள்.

அவள் இறங்கினாள். டிரைவர் கதவை மூடவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"எல்லாம் உன் பிள்ளைங்களாக்கா? பாத்து எறக்கு, அவசரமில்ல."

திரும்பவில்லை. நடந்தாள். பின்னால் சின்னக் காலடிகள். ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் காலடிகள். பாவாடை ஒரு பக்கம் இழுபட்டது. மறுபக்கமும்.

கதவைத் திறந்தபோது கலிபா எழுந்தாள். அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்து வெளியே ஓடினாள்.

புரூல் மெத்தையில் போய் உட்கார்ந்தாள். சொன்னபடியே கோட்டைப் பிள்ளையின் தோளில் போர்த்தினாள். ஐபெரி மெல்லத் திரும்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

மெத்தை ஓரம் அமுங்கியது. பக்கத்தில் இன்னோர் இடம். இன்னோர் இடம்.

"அம்மா."

ஐபெரியின் குரல். அதே மழலை, அதே இழுப்பு. ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"அம்மா." அடுப்புப் பக்கம்.

"அம்மா." மடியில்.

எல்லாம் அவள் குரல்தான். ஐபெரியின் வாய் மட்டும் மூடியே இருந்தது.