கல்வாழைக்கு முன்னால் ஒரு பேனர்

முடிச்சூரில் ஜென்சி வீட்டுத் தெருவுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. தலைவர் துரைராஜ் சாருக்கு ஒரு மைக் உண்டு.

மைக் இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது. தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி அது. தன் வீட்டுக்குப் பால் பாக்கெட் வரவில்லை என்றால்கூட அதில்தான் சொல்வார்.

அந்தப் புதன்கிழமை மாலை மைக் முழங்கியது.

"அன்பார்ந்த தெருவாசிகளே! சிறந்த பசுமைத் தெரு எது என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை நடுவர் வருகிறார்! நம் தெருதான் ஜெயிக்க வேண்டும்! ஆகவே, வாசலில் இருக்கும் செடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒரே மாதிரி பேவர் பிளாக் கல் பதிக்க வேண்டும்!"

ஆறாம் வகுப்பு படிக்கும் ஜென்சி இதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பசுமையாக இருக்கச் செடியைப் பிடுங்க வேண்டும். கணக்கு எங்கேயோ உதைத்தது.

தெருவில் பாதி வீடுகளுக்கு மேல் ஏற்கெனவே கல் பதித்தாகிவிட்டது. ஜென்சி வீட்டு வாசலில் இன்னும் மண்தான். அதில் கல்வாழை, அவள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்திருந்தது.

இரண்டு வருடம் முன்பு அந்த இடத்தில் வாஷிங் மெஷின் தண்ணீர்தான் தேங்கி நிற்கும். கொசு ரீங்காரம் போடும். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மணி அக்காதான், கூட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கிழங்கு கொடுத்தார். துரைராஜ் சார் வீட்டை ஒட்டிய காலி மனையில், தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து போட்ட தோட்டம் அது. அங்கே எதற்கும் காசு கிடையாது. ஒரே ஒரு விதி உண்டு. செடி வாங்கினால் சனிக்கிழமை வந்து களை பிடுங்க வேண்டும்.

ஜென்சி குழி வெட்டி, சல்லி போட்டு, கிழங்கை நட்டு, குழாயைத் திருப்பிவிட்டாள். இப்போது தண்ணீரும் இல்லை, கொசுவும் இல்லை. சனிக்கிழமைகளில் மட்டும் அவள் நகக்கண்ணில் மண் இருக்கும்.

வியாழக்கிழமை துரைராஜ் சார் நேரிலேயே வந்துவிட்டார்.

"சுந்தர்சிங் சார், என்ன இது, வாசல்ல காடு?"

ஜென்சியின் அப்பா சுந்தர்சிங் நல்ல மனிதர். யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல மட்டும் வராது.

"கல் போடுற ஆள் திங்கக்கிழமைதான் வர்றான். அதுவரைக்கும் இதை ஒரு பேனர் வச்சு மறைச்சிடுறேன்," என்றார் துரைராஜ் சார்.

"சரிங்க சார்."

அவர் போனதும் ஜென்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா சரின்னீங்க?"

"வாயில அதுதாம்மா வந்துச்சு."

"போய் வேணாம்னு சொல்லிட்டு வாங்க."

அப்பா போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா?"

"ஆரம்பிச்சேன். அவர் மைக்கை எடுத்தார். சரிங்க சார்னு வந்துட்டேன்."

ஜென்சி தானே போனாள்.

"சார், அந்தச் செடிதான் எங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்குது. எடுத்துட்டா தண்ணி தெருவுக்கு வந்துடும்."

"வந்தா கால்வாய்க்குப் போயிடும் பாப்பா."

"நம்ம தெருவுல கால்வாயே இல்லையே சார்?"

"வரும், வரும். மனு கொடுத்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை துரைராஜ் சார் வீட்டு வாசலில் பச்சைப் பசேலென்று புல் முளைத்தது. ஒரே நாளில் முளைத்ததற்குக் காரணம், அது கல்தரைமேல் விரித்த பிளாஸ்டிக் புல். தோட்டத்து மண் அதன்மேல் பட்டுவிடக் கூடாதே! அதனால் தோட்டத்துக்கும் வாசலுக்கும் நடுவில் செங்கல் வைத்து ஒரு வரிசை கட்டினார்.

ஜென்சி வீட்டுக் கல்வாழைக்கு முன்னால் எட்டடி பேனர் வந்தது. 'பசுமையே நம் மூச்சு!' என்று பெரிய எழுத்து. பக்கத்தில் துரைராஜ் சார் கைகூப்பிச் சிரித்தார். ஒரே ஒரு சிவப்புப் பூ மட்டும் அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம், கொட்டோ கொட்டென்று.

ஒவ்வொரு வீட்டுக் கல்தரையும் தண்ணீரை அப்படியே தெருவுக்குத் தள்ளியது. தெரு அதை, பள்ளத்தில் இருந்த துரைராஜ் சார் வீட்டுக்குத் தள்ளியது. பிளாஸ்டிக் புல் பாய் மாதிரி மிதந்தது. அதன்மேல் ஒரு தவளை உட்கார்ந்து சவாரி போனது.

ஜென்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

துரைராஜ் சார் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசல் படியில் நின்றிருந்தார். கையில் மைக் இல்லை. ஜென்சி முழங்கால் வரை நனைந்துகொண்டு பக்கத்தில் போனபோதுதான் அவர் குரல் கேட்டது. ரொம்பச் சின்னக் குரல்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல இப்படித்தாம்மா வந்துச்சு. வீட்டுல ஒண்ணும் மிஞ்சல."

ஜென்சிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். செங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம் குளம். அந்தப் பக்கம் தோட்டத்தில் வெறும் ஈரம்தான். பாத்திகளுக்கு நடுவில் வெட்டியிருந்த வாய்க்கால்கள்கூடப் பாதி காலியாக இருந்தன.

"சார், அந்தச் செங்கல்லுல ரெண்டை எடுத்துடலாமா?"

"கட்டி ரெண்டு நாள்தாம்மா ஆகுது!"

"தண்ணி அடுத்த படிக்கு வந்துடுச்சு சார்."

"நாலா எடு!"

ஜென்சி ஓடிப்போய் அம்மணி அக்காவை அழைத்து வந்தாள். அக்கா கடப்பாரையோடு வந்தார்.

"இன்னா சார், தண்ணி போற வழியில கல்லைக் கட்டிக்கினு நிக்கிற?"

"அப்புறம் திட்டும்மா. முதல்ல இடி!"

நாலு செங்கல் விழுந்தது. தண்ணீர் சலசலவென்று தோட்டத்து வாய்க்காலுக்குள் ஓடியது.

"அக்கா, கீரை முழுகிடாதா?"

"பாத்தி மேட்டுல கீது, பயப்படாத. வயிறு முட்டக் குடிக்கட்டும்!"

அரை மணியில் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தவளைதான் பாவம், தரை தட்டிவிட்டது.

பதினொரு மணிக்கு நடுவர் ஜெயஸ்ரீ ஆட்டோவில் வந்தார். தண்ணீரில் படாமல் காலை வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஜென்சி வீட்டு வாசல். மழையில் பேனர் மடங்கிச் சரிந்து கிடக்க, கல்வாழை பளிச்சென்று நின்றது.

"இங்க மட்டும் ஏன் தண்ணி நிக்கல?" என்று கேட்டார் ஜெயஸ்ரீ.

ஜென்சி குழாயையும் குழியையும் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். தோட்டத்துக்கும் போய்ப் பார்த்தார். துரைராஜ் சார் வீட்டுச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த புல்லையும் பார்த்தார். பரிசு ஊரப்பாக்கத்தில் ஒரு தெருவுக்குப் போனது. ஆனால் போகும்போது நடுவர் தன் வீட்டுக்கு இரண்டு கிழங்கு கேட்டு வாங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலை. கல் பதிக்கும் ஆளோடு துரைராஜ் சார் ஜென்சி வீட்டு வாசலில் நின்றார்.

அப்பா வெளியே வந்தார்.

"இல்லீங்க சார். எங்க வாசலுக்குக் கல் வேணாம்."

சொல்லிவிட்டு, யார் பேசியது என்பதுபோலத் தானே திரும்பிப் பார்த்தார். ஜென்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றார் துரைராஜ் சார். "இவரை வச்சு என் வாசல்ல பாதிக் கல்லைப் பேர்த்து எடுக்கப் போறேன். ஜென்சி, கல்வாழைக் கிழங்கு கிடைக்குமா?"

"தோட்டத்துல நிறைய இருக்கு சார். ஆனா சனிக்கிழமை களை பிடுங்க வரணும்."

"தலைவருமா?"

"தலைவர் மைக் இல்லாம வரணும்னு அம்மணி அக்கா சொன்னாங்க."

சனிக்கிழமை அவர் வந்தார். முதல் நாள் களை என்று நினைத்துக் கொத்தமல்லியைப் பிடுங்கினார். இப்போது பரவாயில்லை.

அந்த எட்டடி பேனரையும் வீணாக்கவில்லை. தோட்டத்து உரக்குழிக்கு அதுதான் மூடி. எவ்வளவு மழை பெய்தாலும், துரைராஜ் சார் கைகூப்பிச் சிரித்தபடி, ஒரு சொட்டுகூட உள்ளே விடுவதில்லை.