இரண்டு தட்டல்

தண்ணீர் ஆள் மேல் விழும் சத்தம் வேறு, வெறும் தரையில் விழும் சத்தம் வேறு. எழுந்து உட்கார முடியாத நோயாளிகளை வருடக்கணக்காகக் குளிப்பாட்டி வரும் நர்ஸ் அவள். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும். குளியல் கூடாரத்துக்குள் இப்போது கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் தோளில் பட்டுச் சிதறவில்லை, முதுகில் வழிந்து இறங்கவில்லை. மேலிருந்து நேராக மண்ணில் போய் விழுந்துகொண்டிருந்தது.

ஓரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறாராக்கும் பெரிய துரை என்று நினைத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்துச் சூடாக்கி விளாவியது அவள். ஆளுயரக் கூடாரத்தைப் பிரித்து நிறுத்தியது அவள். பக்கெட்டுக்குள் சின்ன பம்ப்பை இறக்கி, குழாயைக் கூடாரத்தின் உச்சியில் மாட்டி, பம்ப்பின் ஒயரை வேனுக்குள் இழுத்து வந்து செருகியதும் அவள்தான். "நாலு நாள் லீவு போடு. நீ ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம், எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி இந்த ஏரிக்கரைக்கு வேனில் அழைத்து வந்த கணவன் பார்த்துக்கொண்டதெல்லாம் ஏரியையும் வானத்தையும்தான்.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஊரான் பிள்ளைகளிடம் நாள் முழுக்க முன்னால் பார், பின்னால் பார், கண்ணாடியைப் பார் என்று கத்துவான். வீட்டில் கண்ணெதிரே இருக்கிற தண்ணீர் கேன் மட்டும் அவன் கண்ணில் படாது.

"கூடாரத்தோட முளைக்கம்பி எங்க?" என்று மாலையில் கேட்டிருந்தாள்.

"அதுவா... வீட்லயே இருக்கும்."

"பெரிய கேன்ல தண்ணி?"

"நிரப்பணும்னுதான் நெனச்சேன்."

"நெனச்சீங்களா?"

"அதான் இவ்வளவு பெரிய ஏரி இருக்கே. ஏன் இந்தக் குதி குதிக்கற? ரெண்டு நாள் குளிக்கலன்னா செத்தா போயிடுவோம்?"

கேனைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிப்போய் ஏரித் தண்ணீரை மொண்டு வந்தான். கரையில் நட்டிருந்த எச்சரிக்கைப் பலகை வெயிலில் வெளுத்து, எழுத்தே இல்லாமல் நின்றது. தண்ணீரில் லேசான சேற்று வாடை. கம்பிக்குப் பதில் நான்கு மூலையிலும் கல்லைத் தூக்கி வைக்கும்போது அவள் நகம் பெயர்ந்தது. அதைப் பார்த்து அவன் "பாத்து, பாத்து" என்றான். அவ்வளவுதான்.

"முதல்ல நீ போய்க் குளி. உன் நாத்தத்தோட வண்டிக்குள்ள என்னால படுக்க முடியாது."

கோபம் தலைக்கேறினால்தான் அவள் அவனை 'நீ' என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிடும். முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர். இதுவரை தோற்றதெல்லாம் அவன்தான். அவள் உயிரே போனாலும் இறங்கி வரமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவன் துண்டையும் விளக்கையும் பிளாஸ்டிக் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு கூடாரத்தின் பக்கம் போனான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வேனின் பின்கதவோரம் உட்கார்ந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்டூலில் ஒரு தட்டல். டக்.

வீட்டு வழக்கம் அது. அவர்கள் வீட்டில் வெந்நீர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கிறது. உள்ளிருப்பவர் கதவை ஒருமுறை தட்டினால் போடு, இரண்டு முறை தட்டினால் நிறுத்து. முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அந்தத் தட்டல் மட்டும் நடக்கும். அவள் பிளக்கைச் செருகினாள். பம்ப் உறுமியது.

அப்போதிருந்து இந்தத் தண்ணீர் மண்ணில்தான் விழுகிறது.

பொறுத்துப் பார்த்தாள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் சேற்று வாடை கூடியிருந்தது; அடியில் வேறொரு வாடையும் இருந்தது, பூச்சாடியில் பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரைப் போல. தவளைகள் மாலை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தன. எப்போது நிறுத்தின என்று அவள் கவனிக்கவில்லை.

மறுபடி ஒரு தட்டல். ஜிப் கொஞ்சம் திறந்து ஒரு கை வெளியே நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

சோப்பு. சோப்பைக்கூட எடுத்துப் போகத் துப்பில்லை. 'பெத்துப் போட்ட பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ய வேண்டியிருக்காது' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே போனவள், முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு சோப்பை அந்தக் கையில் வைத்தாள். பார்ப்பதும் ஒருவகைப் பேச்சுதான். அதை அவள் தருவதாக இல்லை. விரல் பட்டது. வெந்நீரில் நிற்கிறவனின் விரல் ஜில்லென்று இருந்தது. தோல் ஊறிச் சுருங்கி, எலும்பின் மேல் தளர்ந்து நகர்ந்தது.

அப்படிப்பட்ட தோலை அவள் பணியிடத்தில் பார்த்திருக்கிறாள். உயிருள்ளவர்களிடம் இல்லை.

ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தாள். நடை வேகமாயிற்று. வேனுக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் துணிமேல் நிழல் தெரிந்தது. அவனுக்குத் தொந்தி உண்டு. நிழலுக்கு இல்லை. கூடாரத் துணியில் எல்லாரும் ஒல்லிதான் போலிருக்கிறது என்று நக்கலடிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

வேனோரம் இருந்த பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். இந்நேரம் காலியாகியிருக்க வேண்டும். விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. ஆவி இல்லை. தண்ணீர் கறுப்பாக இருந்தது.

பயம் வந்தால் கோபப்படுவது அவள் சுபாவம். உடம்பெல்லாம் சோப்போடு நிற்கட்டும், அப்போது புத்தி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

பம்ப் நின்றது.

தண்ணீர் நிற்கவில்லை.

அப்போதுதான் சரிவின் கீழே டார்ச் வெளிச்சம் ஆடியது. மூச்சிரைப்பு. கேன் காலில் இடிபடும் சத்தம்.

"மேடம்! சரி, நான்தான் தோத்தேன்." அவன் குரல். ஏரிப் பக்கமிருந்து. "உனக்கு இன்னொரு கேன் தண்ணி கொண்டாந்திருக்கேன். மெதுவா, சூடா, எவ்வளவு நேரம் வேணாலும் குளி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நிழல் அசையாமல் நின்றது. பிறகு அந்தக் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. வராதே. ஒரே ஒரு சொல். வரவில்லை.

"இன்னும் பேச மாட்டியா?" அவன் சிரித்தான். மேடேறி வந்து கேனை இறக்கி வைத்தான். வேனுக்குப் பின்னால் இருட்டில் நின்றவள் அவன் கண்ணில் படவில்லை. அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒளிரும் கூடாரம். மூடிய ஜிப். உள்ளே ஒரு நிழல். "அட, அதுக்குள்ள நீயே போயிட்டியா? நல்லதாப் போச்சு. கோவப்பட்டு கெளம்பினதுல, துண்டை வெளிய கொடியிலயே மாட்டிட்டுப் போயிட்டேன் பாரு. தரட்டா?"

டக்.

"இதுல மட்டும் கொறச்சல் இல்ல" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனான்.

ஜிப் திறந்தது. கை நீண்டது. அவன் துண்டைக் கொடுக்கவில்லை; குறும்பாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். சமாதானமாகும்போது எப்போதும் செய்வதுதான்.

"தொடாதே!"

அவள் குரல் உடைந்து வெளியே வந்தது. அவன் திரும்பினான். குரல் வேன் பக்கமிருந்து வந்திருந்தது. கூடாரத்திலிருந்து இல்லை. டார்ச் வெளிச்சத்தில் அவளைப் பார்த்தான். பிறகு தன் கை பிடித்திருந்த கையைப் பார்த்தான். விட்டுவிட விரல்களைத் திறந்தான். கூடாரத்திலிருந்து நீண்ட கையின் விரல்கள் அவன் கையைச் சுற்றி மூடிக்கொண்டன.

ஜிப் மூடியது. டார்ச் தரையில் உருண்டது.

அவள் ஓடிப்போய் ஜிப்பை இழுத்தாள். அது நகரவே இல்லை. துணியைக் கிழிக்கப் பார்த்தாள், நகம் போயிற்று. துணி கல்சுவர் போல இருந்தது. "விடு! அவரை விடு!" கத்தினாள். கல்லால் அடித்தாள்.

தண்ணீர் சத்தம் மாறியது.

இப்போது அது ஆள் மேல் விழுந்தது. தோளில் பட்டுச் சிதறியது. முதுகில் வழிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த, அகலமான முதுகு.

உள்ளே ஸ்டூலில் தட்டல் கேட்டது.

டக். டக்.

இரண்டு. நிறுத்து.

டக். டக்.

"நிறுத்திட்டேன்" என்றாள். "நிறுத்திட்டேங்க. நிறுத்திட்டேன்."

டக். டக்.

பிடுங்கிய பிளக் வேன் கதவில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

டக். டக்.