ராஜாவின் அங்கிக்கு ஒரே ஊசி

பூவாயியால் நடக்க முடியவில்லை. ஓடினாள்.

செஞ்சிக்கு நாடகக் கம்பெனி வந்திருந்தது. கொட்டகைக்குக் குழி தோண்டப் போன நைனாதான் சேதி கொண்டுவந்தார். உடுப்பு அறையில் தைக்க ஆள் வேண்டுமாம். பதினொரு வயதுப் பூவாயிக்கு வேறென்ன வேண்டும்?

உடுப்பு அறை என்பது மேடைக்குப் பின்னால் நாலு பக்கமும் தட்டி கட்டிய இடம். உள்ளே கயிற்றில் மூன்று ராணிகள் தொங்கினார்கள். அதாவது, ராணிகளின் பாவாடைகள். மூலையில் ஒரு புலித்தோல். பக்கத்தில் ஒரு கூடை நிறையத் தாடி. பூவாயி திறந்த வாயை மூட மறந்துபோனாள்.

"ஊசி பிடிப்பியா?" என்று கேட்டாள் சுந்தராம்பாள். அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசினாள்.

"கோணி தைப்பேங்க்கா. ஒரு நாளைக்கு இருபது."

"இங்க ராஜாவத்தான் மூட்டை கட்டுறோம், நெல்லை இல்ல. சரி, இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன். கை சரியா இருந்தா, கம்பெனி இந்த ஊரை விட்டுப் போற வரைக்கும் நீ இங்கதான்."

எப்படியாவது இங்கேயே இருந்துவிட வேண்டும். பூவாயி வேறு எதையுமே நினைக்கவில்லை.

தையல் மிஷின் முன்னால் தோமினிக் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பூவாயி ஊசி கேட்டுக் கையை நீட்டினாள். அவர் ஊசியைப் பாயில் வைத்துவிட்டு மிஷினை மிதித்தார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

இது பூவாயிக்குப் பழகிய விஷயம். கடையில் வெல்லம் வாங்கினால் பொட்டலத்தைத் தரையில்தான் வைப்பார்கள். தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சேரிப் பெண்ணாம். கை பட்டால் தீட்டாம். கேவலமான வழக்கம்.

இங்கேயுமா?

பூவாயி எழுந்து வாசல் வரை போனாள். அங்கே நின்றாள். கேட்காமல் போனால் இது மனசுக்குள்ளேயே குத்திக்கொண்டு இருக்கும். திரும்பி வந்தாள்.

"ஏண்ணே, கையில குடுத்தா இன்னா?"

மிஷின் நின்றது.

"ஊசியையா? கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்மா. தையல்காரங்க யாரும் குடுக்க மாட்டோம். இவங்களுக்கும் கீழதான் வெப்பேன்."

"ஆமா, நான் அதை மிதிச்சிட்டுக் கத்துவேன்" என்றாள் சுந்தராம்பாள்.

பூவாயி சிரிக்கவில்லை. "எங்க வூட்ல ஊசியக் கையிலதான் குடுப்போம். ஊர்லதான் எங்களுக்கு எல்லாத்தையும் கீழ வெக்கிறாங்க. நீங்க ஊசிக்காக வெச்சீங்களா, எனக்காக வெச்சீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தோமினிக் மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

"எங்க ஊரு மாதா கோயில்ல எங்க தெருவுக்குத் தனி வாசல்" என்றார். "அந்த வாசல்ல போய் வந்தவன் நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஊசியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சண்டை வந்தா?" என்று கேட்டாள் பூவாயி.

"அதான் இப்ப போட்டாச்சே" என்றாள் சுந்தராம்பாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அப்போது ராஜா வேஷம் போடும் பச்சமுத்து ஓடி வந்தார். இடுப்பில் பழைய வேட்டி, தலையில் கிரீடம். கையில் கறுப்பு வெல்வெட் அங்கி.

"எலி கடிச்சிடுச்சு. முதுகப் பாருங்க."

கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆட்டம் நாலு மணிக்கு. இப்போதே மூன்று.

சுந்தராம்பாள் குண்டூசிகளைத் துப்பினாள். "வெல்வெட்டுல மிஷின் ஊசி ஒடஞ்சிடும். தடி ஊசி ஒண்ணுதான் இருக்குது. உலகச் சண்டையில மெட்ராஸ்லயே ஊசி கெடைக்கல. குத்தணும், திருப்பணும், இழுக்கணும், மறுபடியும் திருப்பணும். முடிக்க ஆறு மணி ஆயிடும்."

"திருப்பவே வேணாங்க்கா" என்றாள் பூவாயி. "களத்துல பெரிய கோணிய ரெண்டு பேராத்தான் தைப்போம். ஒருத்தர் வெளிய, ஒருத்தர் உள்ள. அங்கியக் கழியில மாட்டுங்க."

மாட்டினார்கள். பூவாயி அங்கிக்குள் நுழைந்தாள். ஒரே இருட்டு. கற்பூர வாடையும் ராஜாவின் வியர்வை வாடையும் சேர்ந்து அடித்தன.

தோமினிக் வெளியிலிருந்து குத்தினார். அவள் உள்ளிருந்து இழுத்துத் திருப்பிக் குத்தினாள். ராணியின் பாவாடையில் வெட்டிய சிவப்புத் துண்டைக் கிழிசல் மேல் வைத்து சுந்தராம்பாள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மூக்குல குத்திடாதீங்க."

"மூக்கு எங்க இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இரு."

"இப்ப இடது பக்கம்."

ஆட்டத்துக்கு முதல் மணி அடித்தது. ஊசி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் பறந்தது. இரண்டாம் மணி.

"முடிஞ்சுதா?" என்று எட்டிப் பார்த்தார் பச்சமுத்து.

"ராஜா வாய மூடிக்கிட்டு நிக்கணும்" என்றாள் சுந்தராம்பாள்.

பூவாயி பல்லால் நூலைக் கடித்தாள். மூன்றாம் மணி. ராஜா அங்கியைப் போட்டுக்கொண்டே மேடைக்கு ஓடினார்.

மூன்று பேரும் ஓரத்தில் ஒளிந்து பார்த்தார்கள். ராஜா சிம்மாசனத்தைப் பார்த்துத் திரும்பினார். கறுப்பு முதுகில் சிவப்புப் பட்டை பளபளத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதுதான் புது மோஸ்தர் என்று நினைத்துவிட்டார்கள் போல.

"நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடு" என்றாள் சுந்தராம்பாள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு கூடை தாடிக்கும் சிக்கெடுக்கணும்."

பூவாயி பதில் சொல்வதற்குள் மானேஜர் பின்னாலிருந்து அதட்டினார். "வெளியாளுங்க யாரும் இங்க நிக்கக் கூடாது."

யாரந்த வெளியாள் என்று பூவாயியும் திரும்பித் தேடினாள்.