ஆயாக் கொட்டகையில் ஒரு களவு

மலாயா, 1954. காலை மணி ஏழரை. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டுக்காரர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை வாசலில், கலாவதி டீச்சர் திகைத்து நின்றாள். விடிந்ததும் அவள் பரப்பி வைத்த மரக்கட்டைகள், வண்ண வளையங்கள், ஒன்றையும் காணோம். சேலை மாற்றி வருவதற்குள் தரை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

எட்டு மணிக்குத் தொழில் இலாகா அதிகாரி அம்மா வருகிறார். பாலர் கல்வியில் பயிற்சி பெற்றவள் என்ன கிழிக்கிறாள் என்று பார்க்கத்தான் வருகை. தரம் போதாது என்று எழுதிவிட்டால் இது பழையபடி தூங்கவைக்கும் கொட்டகைதான். கலாவதியும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

செய்தி கேட்டு, கேட்டைக் காக்கும் சார்ஜன் சலாவுதீன் வந்தார். கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த காலம்.

"வேலியைத் தாண்டி எதுவும் போகல டீச்சர். பால் வாளியக்கூட எட்டிப் பாத்துத்தான் விட்டேன்."

"இங்க யாரு வந்தா?"

"கிராணி வந்தாரு. நாகமணி ஆயா உள்ளயேதான் இருக்கு."

தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தங்கராஜு தன் மச்சினியை இந்த வேலையில் உட்கார்த்தப் பார்ப்பது ஊரறிந்த சங்கதி. அந்தப் பக்கம் திரும்பி வந்தவரைக் கலாவதி கொதிப்போடு மறித்தாள்.

"கிராணி ஐயா, என் சாமான் எங்க?"

"என்னைக் கேட்டா? பெரட்டுல ஆளுங்க பேரு கூப்பிட்டு முடிஞ்சு எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான் லா. அப்பவே ஒண்ணும் இல்ல. தரை ஈரம் வேற, வழுக்கி விழப் பாத்தேன்."

சார்ஜன் பரணைக் குடைந்தார், பானையைக் கவிழ்த்தார். சேலையில் கட்டிய ஏணைத் தொட்டில்களின் பக்கம் வந்ததும் நாகமணி விரலை உதட்டில் வைத்தாள்.

"புள்ளைங்க தூங்குது."

கேட்டில் அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்க்கிற மனிதர், பூனைபோல் நழுவிப் போனார்.

பேசுவதற்கு முன் பிள்ளைகளைப் பார் என்பது பயிற்சியில் படித்த முதல் பாடம். கலாவதி பார்த்தாள். நடக்கத் தெரிந்தவை எல்லாம் எண்ணெய் வழியத் தலைவாரி, கைகட்டிச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நாகமணி நடக்கிற போக்கில் ஒவ்வொரு ஏணையையும் தட்டி ஆட்டிவிட்டாள். கடைசி ஏணையிடம் வந்ததும் கையை மடக்கிக்கொண்டாள்.

கலாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார்ஜன், எடுத்தது நம்ம நாகமணியக்காதான்."

கிராணி வாயைப் பிளந்தார்.

"கெடுக்க வந்தவன் எடுத்துக்கிட்டு ஓடுவான். தரையக் கழுவுவானா? புள்ளைக்குத் தல வாருவானா? துரை வர்றாருன்னா எல்லாத்தையும் ஒதுக்கி மறைக்கிறது தோட்டத்துப் பழக்கம். அந்தக் கடைசி ஏணைய மட்டும் அக்கா ஆட்டல. ஆட்டினா கட்டை கடகடங்கும்."

நாகமணியின் கண் நிறைந்தது. "சாமான் எறஞ்சு கெடந்தா துரைக்கு ஆகாது டீச்சர். முந்தி இருந்த ஆயாவுக்குச் சீட்டக் கிழிச்சதே அதுக்குத்தான். நீங்க பட்டணத்துப் பொண்ணு, உங்களுக்கு அது தெரியாது. உங்க வேல போயிருமேன்னு பயந்துட்டேன்."

திட்டத்தான் நினைத்தாள் கலாவதி. ஆனால் கூடப்பிறந்த அக்காள்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டாள் என்று தோன்றியதும் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஜீப் சத்தம் கேட்டது. அவள் ஏணையை அவிழ்த்தாள். கட்டைகள் தடதடவென்று கொட்டின. பிள்ளைகள் கூச்சலோடு பாய்ந்தன. ஒரு சின்னது நாகமணியின் முந்தானையை இழுத்து உட்காரவைத்து, அவள் கையில் ஒரு கட்டையைத் திணித்தது. அவள் பயந்து பயந்து அடுக்கினாள். கோபுரம் சரிந்ததும் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள்.

"போச்சு," என்றார் கிராணி.

வாசலில் நின்ற அதிகாரி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கொட்டகை இப்படித்தான் இருக்கணும். நீங்களே தொடர்ந்து நடத்துங்க, டீச்சர்." பிறகு நாகமணியைக் காட்டினார். "அவங்களும் பயிற்சி எடுத்தவங்களா?"

"ஆமாங்கம்மா," என்றாள் கலாவதி. "இன்னிக்குக் காலையிலதான் ஆரம்பிச்சாங்க."